வால் தட்டினால் வாயைத் திற

வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது என் வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். ஒருத்தி பைலட் பயிற்சியில் இருக்கிறாள். ஒருவனுக்கு விமானப் பராமரிப்புப் படிப்பு கடைசி வருஷம். மற்ற இருவருக்கும் வளைகுடாவில் விமானத்தில் சாமான் ஏற்றும் வேலைக்கு விசா வந்திருக்கிறது. "திருச்சியில பிளேன் சுவத்துல இடிச்சுட்டுப் போச்சாமே, நிஜமா பெரியப்பா?" என்று கேட்டீர்கள். நான் வெற்றிலையை மென்றுகொண்டு, எழுதித் தருகிறேன் என்றேன். முப்பத்தொரு வருஷம் விமானங்களின் வயிற்றுக்கடியில் குனிந்து நின்று வேலை பார்த்தவனுக்கு அதை நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கத் தெரியவில்லை. எண் போட்டிருப்பது நீங்கள் போனில் பேசும்போது "பெரியப்பா, அந்த ஆறாவது" என்று கேட்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. முதலில் ஜீப்பைப் புரிந்துகொள்ளுங்கள். என் அப்பா தோட்டத்து ஜீப் ஓட்டினார். மலைக்குப் போகும்போது அரிசியும் உரமும், இறங்கும்போது ஏலக்காய். ஒருநாள் ஏதோ அவசரம், உரமூட்டை அத்தனையையும் பின் அச்சுக்கும் பின்னால் அடுக்கிவிட்டார்கள். முந்தல் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. போடிமெட்டு ஏற்றத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. அப்பா ஒடிக்கிறார், வண்டி ஒடியாமல் நேரே பள்ளத்தைப் பார்த்துப் போகிறது. முன்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. எப்படியோ நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூட்டைகளை முன்னால் நகர்த்தினார். பிறகு பத்து வயசுப் பையனான என்னைத் தூக்கி பானட் மேல் உட்கார வைத்து, "அசையாதடா, இன்னைக்கு நீயும் ஒரு மூட்டைதான்" என்றார். கொஞ்ச தூரம் அப்படியே போனோம். என் இருபத்தைந்து கிலோ அந்த ஜீப்புக்கு என்ன செய்திருக்கும்? அவர் பயத்துக்குத்தான் நான் எடையாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

விமானமும் அந்த ஜீப் மாதிரிதான். ரன்வேயில் ஓடி, குறித்த வேகம் வந்ததும் பைலட் மூக்கைத் தூக்குகிறார். இறக்கைக்கடியில் இருக்கும் பெரிய சக்கரங்கள்தான் அப்போது அச்சு. மூக்கு மேலே போனால் வால் கீழே வந்தே தீரும். போயிங் 737-800 சக்கரம் தரையில் இருக்கும்போது சுமார் 11 டிகிரிக்கு மூக்கைத் தூக்கினால் வாலடி ரன்வேயைத் தொட்டுவிடும். விநாடிக்கு இரண்டு, மூன்று டிகிரி என்று நிதானமாகத் தூக்கினால் எட்டு, ஒன்பது டிகிரியிலேயே சக்கரம் தரையை விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏறத்தாழ ஒரு விநாடி. உடம்பு நீளமான விமானம் என்றால் அதுவும் இன்னும் இறுகும். வேகம் போதாமல் தூக்கினாலோ, வெடுக்கென்று இழுத்தாலோ, எடை பின்னால் இருந்து மூக்கு தானாகவே எழுந்தாலோ அந்த ஒரு விநாடி கையை விட்டுப் போய்விடும். இதைத்தான் டெயில் ஸ்டிரைக் என்கிறோம், வால் தட்டல்.

2. எண்ணை எழுதினவன் சொன்னான் என்று எடுத்துக்கொள்ளாதே. இது நான்கு பேருக்கும் சேர்த்து. நம்ம ஊரில் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். விலை திரையில் ஏறுகிறது, சாம்பிள் சீட்டில் லிட்டர் எடை எல்லாம் எழுதியிருக்கிறது. அப்படியும் பழைய வியாபாரி ஒருவர், தட்டில் கொட்டின காயை ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் குலுக்கி, ஒன்றை நகத்தால் பிளந்து அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்க்காமல் பொத்தானைத் தொடமாட்டார். கை ஒன்று சொல்லிச் சீட்டு வேறு சொன்னால் சீட்டை மறுபடி படிப்பார்.

விமானம் கிளம்பும் வேகத்தைக் கணக்குப் போடுவதே அதன் எடையை வைத்துத்தான். 2003 மார்ச் 12 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 ஒன்றுக்கு எடை 347 டன். கணக்கில் 247 என்று விழுந்துவிட்டது. மூக்கைத் தூக்கும் வேகம் 163 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 33 நாட் குறைவாக வந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் குறைச்சல். வால் ரன்வேயில் நெடுந்தூரம் உராய்ந்துகொண்டே போனது. சரி, ஒரு தடவை நடந்தது, எல்லோரும் படித்துக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஆறு வருஷம் கழித்து, 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340. எடை 362.9 டன், மடிக்கணினியில் தட்டியது 262.9. அதே ஒன்று, அதே நூறு டன். காக்பிட்டில் நான்கு பைலட்டுகள் இருந்தார்கள். ரன்வே முடியப் போகும் நேரத்தில்தான் விமானம் எழவில்லை என்று உறைத்து, முழு விசையையும் கொடுத்தார்கள். வால் உராய்ந்து, ரன்வே முனைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டு தப்பித்தது. 275 பேர். ஒருவருக்கும் காயமில்லை.

நூறு டன் என்றால் 50 கிலோ ஏலக்காய் மூட்டையில் 2,000 மூட்டை. அத்தனை மூட்டை காணாமல் போனால் நம் கணக்கப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருப்பாரா? திரையில் அது ஒரே ஓர் இலக்கமாக இருந்ததால்தான் அது போகும்போது யாருக்கும் தெரியவில்லை. அதனால் தாயி, நீ காக்பிட்டில் உட்காரும் நாளில், கணினி வேகத்தைச் சொல்வதற்கு முன்பே "இந்த வண்டி, இவ்வளவு ஆள், இவ்வளவு எண்ணெய், சுமாராக இந்த வேகம் வரும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகு. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

3. கட்டு. சாமான் ஏற்றப் போகிற தம்பிகளுக்கு. 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராம். சரக்கு 747 ஒன்று ஐந்து ராணுவ வண்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கட்டு போதவில்லை. எழும்பும்போது வண்டி பின்னால் உருண்டு வாலின் இயக்கத்தையே உடைத்துவிட்டது. ஏழு பேர் போனார்கள். இது வால் தட்டின கதை இல்லை, தெரியும். ஆனால் பெல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கச் சோம்பலாக இருக்கும் ராத்திரியில் இது ஞாபகத்துக்கு வரட்டும். லோட் ஷீட்டில் ஒரு பெட்டி முன் அறையில் என்று எழுதியிருந்து, முன்னால் இடமில்லாமல் பின் அறையில் போட்டாயா? அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ. நீ சொல்லாவிட்டால் பைலட்டுக்குத் தெரிய வழியே கிடையாது. அவர் உன் சீட்டை நம்பித்தான் மூக்குக்கும் வாலுக்கும் சமநிலை பார்த்து ட்ரிம் வைக்கிறார்.

4. இறக்கும்போது பின்னாலிருந்து இறக்கு. நீளமான விமானத்தில் முன் அறையை முதலில் காலி செய்தால், ஆட்களும் முன் கதவு வழியாக இறங்கிப் போய்விட்டால், அது நின்ற இடத்திலேயே வாலில் உட்கார்ந்துவிடும். மூக்குச் சக்கரத்தின் தண்டு மெல்ல நீளுவதைக் கவனி, அதுதான் முன்னறிவிப்பு. டெயில் ஸ்டாண்டு வைக்கச் சொன்ன இடத்தில் வை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

5. இனி திருச்சி. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி வாக்கில். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் துபாய் விமானம், போயிங் 737-800. பயணிகள் 130 பேர், ஊழியர்கள் 6 பேர். திருச்சி ரன்வே 8,136 அடி. அந்த வண்டிக்குத் தாராளம். ஆனாலும் முனையில் வால் தரையைத் தட்டி, கடைசியில் இருக்கிற லோக்கலைசர் ஆன்டெனாவை இடித்து, சுற்றுச்சுவரையும் உடைத்துக்கொண்டு எழும்பியது.

காரணம் என்ன தெரியுமா? நாற்காலி. ஓட்டத்தின் நடுவில் தலைமை பைலட்டின் இருக்கைச் சாய்மானம் சடாரென்று பின்னால் சரிந்துவிட்டது என்கிறது விசாரணை அறிக்கை. அந்தத் தடுமாற்றத்தில் எஞ்சின் விசைக் கைப்பிடி அவர் அறியாமலே பின்னுக்கு வந்து, விசை குறைந்துவிட்டது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. விசை குறைந்தால் வேகம் ஏறாது, வேகம் ஏறாவிட்டால் ரன்வே கரையும்.

பராமரிப்புப் படிக்கிற தம்பி, உனக்கு எஞ்சின்மேல் ஆசை. எல்லோருக்கும் எஞ்சின்மேல்தான் ஆசை. நாற்காலியின் பூட்டுக்கு ஆசைப்பட ஆள் கிடையாது. காக்பிட் சீட்டில் உட்கார்ந்து, முதுகால் பின்னுக்கு அழுத்தி, முன்னும் பின்னும் உலுக்கிப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். வேலையில் சேர்ந்த பிறகு அந்த அரை நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. நம்ம கமாண்டர் ஜீப் டிரைவர்கள் ஏறி உட்கார்ந்ததும் சீட்டை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் சாவி போடுவார்கள், பார்த்திருக்கிறாயா? பல வண்டியில் சீட்டே கயிற்றில்தான் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

6. "எல்லாம் நார்மல்" என்ற வார்த்தையைச் சொல்வதற்கு முன் எச்சிலை விழுங்கு. திருச்சி விமானம் எதையோ இடித்திருக்கலாம் என்று தரையிலிருந்து சொன்னார்கள். காக்பிட்டில் முள்ளெல்லாம் சரியாகக் காட்டியது. எல்லாம் நார்மல் என்று பதில் போனது, விமானமும் அரபிக்கடல் பக்கம் போனது. பிறகுதான் திருப்பி மும்பையில் இறக்கினார்கள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேல். நான்கு மணி நேரம். பயணிகளில் பலர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். இறக்கிப் பார்த்தால் வயிற்றுப் பக்கத் தகடு கிழிந்து கிடந்தது.

முள் பொய் சொல்லவில்லை, கேளுங்கள். எண்ணெய் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அது சரியாகத்தான் காட்டியது. வாலடியில் ஒரு கீறல் விழுந்தால் காட்டுவதற்கு அங்கே முள்ளே கிடையாது. அதனால்தான் 737-க்கு எழுதிவைத்த நடைமுறை சுருக்கமாக இருக்கிறது: வால் தட்டியது என்று தெரிந்தால், சந்தேகப்பட்டாலும், உள்ளே காற்றழுத்தம் ஏற்றாதே, வெளிவால்வைத் திற, பக்கத்தில் இறங்கக்கூடிய விமான நிலையத்தில் இறங்கு. உடைந்த பானையில் ஊத வேண்டாம் என்கிறார்கள். கேபினில் அழுத்தம் ஏறும்போது அந்தத் தகடுதான் தாங்க வேண்டும். சின்னக் கீறல் அங்கேதான் பெரிதாகும்.

தாயி, வால் தட்டினது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சில சமயம் தெரியவே தெரியாது. பின்சீட்டில் இருக்கிற பணிப்பெண்ணுக்குத் தெரியும். "என்னவோ கர்ருன்னு சத்தம் கேட்டுச்சு" என்று அந்தப் பெண் சொன்னால், கேள். டவரில் இருப்பவர் சொன்னாலும் கேள். உன் முள்ளுக்குத் தெரியாததை அவர்கள் கண் பார்த்திருக்கிறது.

7. இது என் கதை. எந்த ஊர், யார் விமானம் என்று கேட்காதீர்கள். நான் சேர்ந்த மூன்றாம் வருஷம், ராத்திரி வேலை. கடைசி விமானம் வந்து நின்றது, காலை ஐந்து மணிக்குத் திரும்பிப் போக வேண்டும். வாலடிக்குப் போய் டார்ச் அடித்தேன். பேட்டரி மங்கல், மஞ்சள் வெளிச்சம். ஈரமும் புகைக்கரியும் படிந்த இடத்தில் விரல் ஓட்டினேன். ஓர் இடத்தில் நகம் மாட்டியது. அரிசி நீளத்துக்கு ஒரு விளிம்பு. துணியால் துடைத்தேன். பெயின்ட் கொஞ்சம் போயிருந்தது. மூத்தவர் தூரத்திலிருந்து "என்னப்பா?" என்றார். எனக்குத் தூக்கம். அவருக்கும் தூக்கம். "பழைய கீறல் மாதிரி இருக்குண்ணே" என்றேன். "அப்ப விடு" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

மதியம் வேறோர் ஊரில் என்னைப் போல ஒரு பையன் அதே இடத்தில் விரல் ஓட்டி, ஏணி போட்டு, நல்ல வெளிச்சத்தில் பார்த்து, விமானத்தை நிறுத்திவிட்டான். அது புதுக் கீறல். முந்தின நாள் இறங்கும்போது தட்டியிருக்கிறது. நடுவில் இரண்டு பறத்தல், அதில் ஒன்று என் கையெழுத்தில். எனக்குத் தண்டனை பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த விமானத்தில் ஏறினவர்களில் ஒரு கைக்குழந்தை இருந்தது, படிக்கட்டில் அழுதுகொண்டே போனது. அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

"மாதிரி இருக்கு" என்ற சொல்லை வேலையில் பயன்படுத்தாதே. இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. மூன்றுதான்.

8. ஒட்டுப்போடும் வேலை. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

1978 ஜூன் 2, ஜப்பானின் ஒசாகா. ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 இறங்கும்போது வால் தட்டியது. வால் பக்கத்தில் கேபின் அழுத்தத்தைத் தடுத்து நிற்கும் கிண்ணம் போன்ற சுவர் ஒன்று இருக்கும், பிரஷர் பல்க்ஹெட் என்பார்கள். அது சேதமாகி, செய்த கம்பெனியே ஆள் அனுப்பிச் சரிசெய்தது. இரண்டு பாதியை இணைக்கும் தகடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். அதை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கியது. மேலே பசை பூசிய பிறகு பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். விமானம் பறந்தது. ஏழு வருஷம், 12,000 தடவைக்கும் மேல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கிண்ணம் உப்பித் தணியும். ரிவெட் துளையிலிருந்து விரிசல் ஒரு மயிரிழை நகரும். 1985 ஆகஸ்ட் 12 மாலை, டோக்கியோவிலிருந்து கிளம்பிய பன்னிரண்டாவது நிமிஷம் அந்தச் சுவர் வெடித்து, வாலின் பெரும்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. 520 பேர் இறந்தார்கள். நான்கு பேர் பிழைத்தார்கள்.

இன்னொன்று. 1980 பிப்ரவரி 7, ஹாங்காங். சைனா ஏர்லைன்ஸின் 747 வால் தட்டியது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்திருக்க வேண்டும். கீறலை அப்படியே விட்டு, மேலே ஒரு தகட்டை வைத்து ரிவெட் அடித்து மூடினார்கள். 22 வருஷம். 2002 மே 25 அன்று தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் நடுவே வானத்திலேயே உடைந்தது. 225 பேர்.

இதில் என் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு விஷயம் உண்டு. முந்தைய வருஷங்களில் அந்த வயிற்றுப் பகுதியை எடுத்த புகைப்படங்களில், ஒட்டுத்தகட்டின் ஓரத்தில் பழுப்பாகக் கறை தெரிகிறது. விமானத்தில் சிகரெட் பிடிக்க விட்ட காலம். உள்ளேயிருந்து கசிந்த புகையின் நிக்கோடின் கறை அது. கசிகிறது, உள்ளே கீறல் இருக்கிறது என்று தகடு தானாகவே எழுதிக் காட்டியிருக்கிறது. அழுக்கு என்று கடந்து போயிருக்கிறார்கள். நம்ம வீட்டுச் சுவரில் ஓதம் பூத்தால் பாட்டி கேட்பாளே, "தண்ணி எங்கேருந்துடா வருது?" என்று? அந்தக் கேள்விதான்.

அதனால் தம்பி, மேனுவலில் "இத்தனை அங்குலம் தாண்டி வெட்டி எடு" என்று இருந்தால் அத்தனையும் வெட்டு. தகடு பத்தாது, நேரம் பத்தாது, மேலாளர் வாசலில் நிற்கிறார் என்றால் நிற்கட்டும். ஒட்டு மேலே அழகாக இருக்கிறதா என்பதை யாரும் பார்க்கலாம். அடியில் என்ன விட்டுவைத்தாய் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

9. காற்று. இது பைலட் பிள்ளைக்கு மட்டும். ஆடி மாசம் மாடியில் வேட்டி காயப்போட்டால் பக்கத்துத் தெருவில் போய் எடுக்கிற ஊர் நம்முடையது. உனக்குக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்க்காற்று வீசி வேகமுள் குதித்த நொடியில் மூக்கைத் தூக்கினால், அடுத்த நொடி காற்று ஓய்ந்ததும் இறக்கைக்குப் பிடிப்பு இருக்காது. எழவில்லையே என்று இன்னும் இழுப்பாய், வால் தட்டும். முள் குதித்தாலோ நின்றுவிட்டாலோ ஒரு மூச்சு பொறுத்துத் தூக்கு. பக்கக்காற்றில் ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடிக்காதே. ஒரு பக்க இறக்கையின் மேல்பலகைகள் எழுந்து தூக்கலைத் தின்றுவிடும்.

10. மறைக்காதே. 2023-இல் இண்டிகோவின் ஏ321 விமானங்களில் ஆறு மாதத்துக்குள் நான்கு தடவை வால் தட்டியது. விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ பயிற்சி முறையையும் ஆவணங்களையும் தோண்டிப் பார்த்து, குறை இருக்கிறது என்று 30 லட்ச ரூபாய் அபராதம் போட்டது. சரிதான். ஆனால் அபராதத்தைப் பார்த்து ராத்திரி வேலைக்காரன் ஒருவன் "நான் பார்த்ததைச் சொன்னால் என் தலைமேல் விழும்" என்று நினைத்துவிட்டால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம் என்பது என் கட்சி. நாளைக்கு நீங்கள் மூத்தவர்களாகி, சின்னப்பையன் ஒருவன் வந்து "அண்ணே, சாமான் வண்டி வாலில் லேசா இடிச்சிருச்சு" என்றால், முதலில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதல் வார்த்தையே திட்டாக இருந்தால் அவன் அடுத்த தடவை வரமாட்டான்.

11. 737-800-க்கு வாலடியில் ஒரு சறுக்குக்கட்டை உண்டு. தட்டினால் அது நசுங்கி அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பச்சை மறைந்து சிவப்பு மட்டும் தெரிந்தால் உள்ளே நசுங்கிவிட்டது, மாற்று. பச்சை தெரிகிறது என்பதற்காகச் சுற்றியிருக்கிற தகட்டைப் பார்க்காமல் வந்துவிடாதே. எல்லா விமானமும் கட்டையில்தான் தட்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

12. டார்ச் இரண்டு வைத்துக்கொள். ஒன்று சட்டைப்பையில், ஒன்று பையில். மாற்று பேட்டரி தனியாக. கம்பெனி கொடுப்பதை நம்பாதே, உன் காசில் வாங்கு. சென்னை ரயில் இப்போது போடி வரைக்கும் வருகிறது, அடுத்த லீவுக்கு அதில் வரும்போது எனக்கும் ஒன்று வாங்கி வா. என்னுடையது மறுபடி மஞ்சளாக எரிகிறது.